"மெஷின் நல்லாத்தான் இருக்கு, ஆனா..." முதலீட்டாளர் எதிரில் உட்கார்ந்த அனுபவங்கள்

சர்க்யூட்காரன், கோவை

ஊசி குத்தாமல், விரலை ஒரு கிளிப்பில் வைத்தால் ஹீமோகுளோபின் அளவு சொல்லும் கருவி எங்களுடையது. நான்கு பேர், பீளமேட்டில் ஒரு மொட்டைமாடி அறை, மூன்று வருஷம். இதுவரை பதினேழு முதலீட்டாளர்களைப் பார்த்தாயிற்று. பதினாறு பேர் சொன்னது ஒன்றுதான்: "நல்லா இருக்குங்க, நாலு ஆஸ்பத்திரி வாங்கட்டும், அப்புறம் பேசலாம்." ஆஸ்பத்திரிக்குப் போனால் லைசென்ஸ் எங்கே என்பார்கள். லைசென்ஸுக்கு டெஸ்ட் ரிப்போர்ட், டிரயல் எல்லாம் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். பணத்துக்கு மறுபடி முதல் ஆளிடம் போக வேண்டும்.

நான் எழுத வந்தது பதினேழாவது ஆளைப் பற்றி. சென்னை அடையாறு, அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. எங்கள் ஸ்லைடை நாலாவது பக்கத்திலேயே மூடச் சொல்லிவிட்டார். சமையல் வேலை பார்க்கும் அக்காவைக் கூப்பிட்டு, "இவங்களுக்குப் பாருங்க" என்றார். (இப்போது யோசித்தால், அப்படி ஒருவர் விரலை டெமோவுக்குப் பிடித்ததே சரியில்லை. அன்று தோன்றவில்லை.) அக்கா ஏதோ கல்யாணத்துக்குப் போய்வந்திருக்கிறார், விரல் நுனியெல்லாம் மருதாணி. முதல் விரலில் 12.8. அடுத்த விரலில் 10.1. மூன்றாவதில் எரர். அக்காவிடமே போன வார லேப் ரிப்போர்ட் இருந்தது: 8.9, ரத்தசோகைதான்.

"மருதாணி இருக்குறதால அப்படிக் காட்டுதும்மா, வழக்கமா இப்படி வராது" என்றான் என் பார்ட்னர்.

அந்த அம்மா கோபப்படவே இல்லை. "ரத்தசோகை யாருக்கு தம்பி அதிகம்? மருதாணி வைக்கிற பொம்பளைங்களுக்குத்தானே?"

வலித்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் முதல் ஸ்லைடே அதுதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. அந்த எண்ணைப் பெரிதாகப் போட்டுவிட்டு, கருவியை நாங்கள் அளவு பிடித்தது, அதாவது லேப் எண்ணோடு ஒப்பிட்டுச் சரிசெய்தது, யார் விரலில் தெரியுமா? இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல் பையன்கள் 62 பேர் விரலில். பிரியாணி வாங்கிக் கொடுத்தால் எத்தனை பேர் வேண்டுமானாலும் வருவார்கள்.

2020 கடைசியில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஆக்ஸிஜன் குறைந்திருப்பதைக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகமாகக் கோட்டைவிட்டது என்று. அதைப் படித்துவிட்டு நாங்களும் உச்சுக் கொட்டினோம். நம் கிளிப்பும் அதே மாதிரி வெளிச்சத்தைத் தோல் வழியாக அனுப்பித்தான் அளக்கிறது என்று ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை.

பணம் கிடைக்கவில்லை. உங்கள் கதைகளையும் சொல்லுங்கள், இரண்டு பக்கத்திலிருந்தும்.

~

பழைய சேமிப்பு

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவன். பம்ப் தொழிலில் சேர்த்த காசில் கொஞ்சம் இப்படிப் போடுவேன். எங்களைக் கல்நெஞ்சுக்காரர்கள் என்பார்கள், அதனால் சொல்கிறேன்.

"ஒரு சொட்டு ரத்தம் போதும்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் காது தானாக மூடிக்கொள்ளும். ஒரு சொட்டு ரத்தத்திலேயே ஏகப்பட்ட டெஸ்ட் செய்வதாகச் சொன்ன அமெரிக்கக் கம்பெனி தெரனோஸின் கதை எல்லோருக்கும் தெரியும். 2014-ல் 900 கோடி டாலர் மதிப்பு. போர்டில் கிஸிஞ்சர், ஷுல்ட்ஸ் என்று இரண்டு முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள், போதாததற்கு ராணுவத் தளபதிகள். 2015-ல் ஒரு பத்திரிகை நிருபர் தோண்டியதும் சரிய ஆரம்பித்தது, 2022 ஜனவரியில் அதை ஆரம்பித்த எலிசபெத் ஹோம்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பு. ஏமாந்தவர்கள் என்னைவிடப் பல மடங்கு பணக்காரர்கள், படித்தவர்கள். அவர்கள் செய்திருக்க வேண்டியது அடையாறு அம்மா செய்ததுதான். கையை நீட்டி, "எனக்குப் பாரு, அதே நேரம் வெளி லேப்புக்கும் ஒரு டியூப் அனுப்பு" என்றிருக்க வேண்டும்.

இன்னொன்று விலை. 2017 பிப்ரவரியில் அரசு, இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு போட்டது, மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய். அதே ஆகஸ்டில் முழங்கால் மாற்று மூட்டுக்கும் வந்தது. நோயாளிக்கு நல்லது, நானும் மூட்டுவலிக்காரன்தான். ஆனால் அன்றிலிருந்து, "விற்பது எண்பதாயிரம், அடக்கம் பன்னிரண்டாயிரம்" என்று யார் காட்டினாலும் அந்த நடுவிலுள்ள காசை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. தம்பிகள் இதைக் கேட்டால் முகம் சுருங்கிப்போகிறார்கள்.

~

ஸ்டோர் ரூம்

தனியார் ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பார்த்துக்கொள்கிற பயோமெடிக்கல் இன்ஜினியர். முதலீட்டாளர்கள் ஆள் வைத்து எங்களுக்குப் போன் செய்து விசாரிப்பார்கள், கம்பெனிக்காரர்களுக்கு அது தெரியாது.

ஒரு தடவை கேட்டார்கள், "இந்த மானிட்டர் வாங்குவீங்களா?" நல்ல மானிட்டர், ஒரு மாதம் வார்டில் ஓடியது. நான் சொன்னேன்: சென்சார் கேபிள் போனால் அந்தக் கம்பெனியிடம் மட்டும்தான் வாங்க வேண்டும், ஞாயிறு ராத்திரி சர்வீஸுக்கு யாரும் போன் எடுக்கவில்லை, சார்ஜர் பின் வேறு மாதிரி என்பதால் சிஸ்டர்கள் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் சொன்னேன். முதலீடு நின்றுபோனதாம். அந்த மானிட்டர் கம்பெனிப் பையன் அப்புறம் என்னிடம் பேசுவதில்லை.

~

நாகர்கோவில் பாசஞ்சர்

என் சித்தப்பா நெஞ்சில் இருப்பது சித்ரா வால்வு, நம் நாட்டிலேயே செய்த செயற்கை இதய வால்வு. அதனால் "இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் செய்யாததையா நீங்க செய்யப்போறீங்க?" என்று ஒரு முதலீட்டாளர் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. கதையை முழுக்கச் சொன்னேன். திருவனந்தபுரத்தில் அரசு மருத்துவ நிறுவனமான ஸ்ரீசித்ராவில் டாக்டர் வலியத்தான் தலைமையில் செய்தார்கள், முதல் மூன்று வடிவங்களும் தோற்றன, நான்காவதுதான் தேறியது, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள், தயாரிக்க முன்வந்தது குக்கர் விற்கிற டி.டி.கே குழுமம், இதுவரை ஒரு லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் பொருத்தியிருக்கிறார்கள். குக்கருக்கும் வால்வு, இதயத்துக்கும் வால்வு என்றதும் மனிதர் சிரித்துவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "மூணு தடவை தோத்தது அரசாங்கப் பணத்துல தம்பி. எனக்குப் பணம் கொடுத்தவங்களுக்கு நான் ஏழெட்டு வருஷத்துல பதில் சொல்லணும். நீங்க எத்தனை தடவை தோக்கப்போறீங்கன்னு சொல்லுங்க, அதுக்கு ஏத்த மாதிரி பேசலாம்."

என்னிடம் பதில் இல்லை. வந்த வழியே திரும்பி, மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்ப நிறுவனமான பைராக்கின் (BIRAC) பிக் (BIG) மானியத்துக்கு விண்ணப்பம் போட்டேன். ஐம்பது லட்சம் வரை, பங்கு எதுவும் கேட்பதில்லை. முதல் தடவை கிடைக்கவில்லை, இரண்டாம் தடவை கிடைத்தது. இரண்டு மாடல் அதிலேயே தோற்றுவிட்டன. நல்லவேளை, அவர் பணத்தில் இல்லை.

~

சர்க்யூட்காரன், கோவை

ஒரு வருஷம் கழித்து எழுதுகிறேன். மனிதர்களிடம் சோதிக்க அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதலுக்கே ஐந்து மாதம் போயிற்று. அப்புறம் ஒரு மகப்பேறு ஆஸ்பத்திரியில், ரத்தம் எடுக்க வரும் பெண்களிடம் சம்மதம் கேட்டு மறுபடி முதலிலிருந்து அளவு பிடித்தோம். மருதாணியை ஜெயிக்க முடியவில்லை. இப்போது கருவி அப்படிப்பட்ட விரலைக் கண்டால் எண்ணே காட்டாது, வேறு விரல் கேட்கும், அதுவும் இல்லையென்றால் "ரத்தம் எடுத்துப் பாருங்கள்" என்று எழுதும். பார்ட்னருக்கு இதில் பெரிய வருத்தம். தோற்றதை நாமே திரையில் எழுதுவதா என்கிறான்.

போன வாரம் அடையாறு போனோம். அக்காவே வந்து சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். இந்தத் தடவை சம்மதம் கேட்டுவிட்டுத்தான் வைத்தோம். 10.6, 10.4, 10.7. இரும்பு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாராம்.

அம்மா எண்களை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். "நாளைக்கு லேப்ல பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். இன்னும் போன் வரவில்லை.