−30ல செல்ஃப் நல்லா சுத்துது, இன்ஜின் பிடிக்கல

கனடாவுல எட்மன்டன். 2013 செடான், 1.8 லிட்டர் பெட்ரோல். மூணு நாளா காலையில −30 டிகிரி செல்சியஸ். ஒரு தடவைகூட ஸ்டார்ட் ஆகல.

பேட்டரி புதுசு, செல்ஃப் அடிக்கும்போதும் 10.3 வோல்ட் நிக்குது. ஆயில் 0டபிள்யூ-20 (குளிர்லயும் இளகி ஓடுற வகை). பிளாக் ஹீட்டர் (கரண்ட்ல இன்ஜினைச் சூடாக்குறது) நாலு மணி நேரம் போட்டும் பலனில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டினா முனை காய்ஞ்சு கிடக்கு, பெட்ரோல் வாசமே இல்லை, ஸ்பார்க் வருது. ஸ்கேனர்ல ஃபால்ட் கோட் எதுவும் இல்லை. சாவி திருப்பினதும் பெட்ரோல் பம்ப் ரெண்டு செகண்ட் முனகுது. டேங்க்ல கால்வாசிதான் இருந்துச்சு (காலி இடத்துல ஈரம் தண்ணியாகியிருக்குமோன்னுதான் சந்தேகம்), பெட்ரோல் லைன்ல தண்ணி உறையாம இருக்க ஐசோபுரோபைல் ஆன்டிஃப்ரீஸ் 150 மில்லி டேங்க்ல ஊத்தியாச்சு. சூடான கராஜுக்குள்ள இழுத்துப்போட்டு மூணு மணி நேரம் விட்டா முதல் சுத்துலயே பிடிக்குது.

ஃப்யூல் ரெயில்ல (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்குற குழாய்) பிரஷர் கேஜ் மாட்ட போர்ட் கிடையாது. லைன்ல தண்ணி உறைஞ்சிருக்கா, இல்ல குளிர்ல பம்ப் பிரஷர் ஏத்தலையான்னு டேங்கை இறக்காம எப்படிக் கண்டுபிடிக்கிறது?