மூக்கை அறுக்குற சட்டம் எப்படிங்க கருணை? (பைசாந்தியம், எக்லோகா)

பழையபேப்பர்:
741ல பைசாந்திய (கிழக்கு ரோம) பேரரசன் மூணாம் லியோவும் மகன் அஞ்சாம் கான்ஸ்டன்டைனும் சேர்ந்து போட்ட எக்லோகா சட்டத்தொகுப்பு இருக்கே, அதுல ஆறாம் நூற்றாண்டு பேரரசன் ஜஸ்டினியனோட சட்டத்தை மனிதாபிமானமா திருத்திட்டோம்னு ஆரம்பத்துலயே பீத்திக்கிறாங்க, உள்ள போனா கள்ள உறவுக்கு மூக்கு, பொய் சத்தியத்துக்கு நாக்கு. நல்ல மனிதாபிமானம்!

வக்கீல்தம்பி:
அண்ணே, அதுக்கு முன்னாடி கள்ள உறவுக்கு மரண தண்டனை. உசுரு போறதுக்கு மூக்கு போறது தேவலாம்ல? அதுவும் மூக்கறுப்பு லியோ கண்டுபிடிச்சதா? 641லயே பேரரசன் ஹெராக்ளோனாஸை பதவியில இருந்து இறக்கி அறுத்தாங்க, 695ல பின்னாடி வந்த ரெண்டாம் ஜஸ்டினியனையும் இறக்கி அறுத்தாங்க, அந்தாளு அறுந்த மூக்கோட 705ல திரும்ப வந்து சிம்மாசனத்துல உக்காந்தான்.

பழையபேப்பர்:
தம்பி பாதியதான் சொல்றீங்க. ஜஸ்டினியன் 556ல போட்ட 134ஆம் புதுச்சட்டப்படி சாவு ஆம்பளைக்குத்தான், பொம்பளைக்கு அடி குடுத்து மடத்துல அடைக்கிறது, அதுலயும் ரெண்டு வருஷத்துக்குள்ள புருஷன் திரும்ப கூட்டிக்கலாம். எக்லோகால ரெண்டு பேருக்கும் மூக்கு. அவனுக்கு உசுரு மிச்சம், அவளுக்கு என்ன மிச்சம்? இதுல கல்யாணமானவன் கல்யாணமாகாத பொண்ணுகிட்ட போனா வெறும் 12 அடி.

கடைசிபெஞ்ச்:
ரெண்டு பேரும் மூக்குலயே நிக்கிறீங்களே. 18 தலைப்புல அது ஒண்ணே ஒண்ணு, பெரும்பகுதி கல்யாணம், சீதனம், உயில், வாடகை, கடன்தான். புருஷன் செத்தா குடும்பமும் சொத்தும் பொண்டாட்டி கையில, பிள்ளைங்க அவ பேச்சை கேக்கணும்னு எழுதிருக்கு. நீதிபதிக்கு கஜானால சம்பளம், வழக்குக்கு வர்றவன்கிட்ட கை நீட்டக்கூடாதுன்னும் இருக்கு. ஜஸ்டினியன் புத்தகங்கள்ல முக்கால்வாசி லத்தீன், வெளியூர் நீதிபதி எவனுக்கு புரியும், இது சுருக்கமா கிரேக்கத்துல வந்துச்சு. அதான் ஸ்லாவ் மக்கள் வரைக்கும் போச்சு.

பழையபேப்பர்:
அவ்ளோ நல்லதுன்னா பின்னாடி வந்த பேரரசன் முதலாம் பசில் காலத்துல ஏன் இதை நல்ல சட்டங்களோட அழிவுன்னு திட்டினாங்க?

வக்கீல்தம்பி:
மூணாம் லியோ, சாமி படங்களை கும்பிடுறதை எதிர்த்தவன்ல, அவன் போட்டது எதுவா இருந்தாலும் திட்டத்தான் செய்வாங்க. திட்டிட்டு என்ன பண்ணாங்கன்னு பாருங்க, பசில் மகன் ஆறாம் லியோ 60 புத்தகமா பசிலிக்காங்கிற சட்டத்தொகுப்பை முடிச்சவன், அவனோட 32ஆம் புதுச்சட்டத்துலயும் கள்ள உறவுக்கு ரெண்டு பேர் மூக்கும் போகுது, கூடவே அவளுக்கு மடம் வேற. வாயில திட்டு, கையில அதே கத்தி!

பழையபேப்பர்:
அப்ப அவனும் கொடூரன், அவ்வளவுதான். திருட்டுக்கு எக்லோகா சொல்றதை படிங்க: முதல் தடவை மாட்டினா வசதியுள்ளவன் ரெண்டு மடங்கா கட்டிட்டு வீட்டுக்கு போலாம், இல்லாதப்பட்டவன் அடி வாங்கிட்டு ஊரை விட்டு போகணும். ரெண்டாவது தடவை கை போகும். காசு இருக்கிறவனுக்கு மட்டும் முதல் தடவை சலுகை, இதுக்கு பேரு மனிதாபிமானம்னா நான் வரலப்பா.