புதுப்பிப்பு: ஹைபிரிட் காரில் இ85, குளிர் வந்த பிறகு

கோடையில் என் பழைய ஹைபிரிட் கார் இ85-இல் (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல்) ஓட, அதற்கேற்ப எரிபொருளைக் கூட்டித் தரும் எத்தனால் கிட் மாட்டியதை எழுதியிருந்தேன். மினசோட்டா குளிரில் ஸ்டார்ட் ஆகுமா என்று சிலர் கேட்டார்கள். ஆகிறது, முனகிக்கொண்டே. எத்தனால் குளிரில் எளிதில் ஆவியாகாது; ஹைபிரிட் எஞ்சினோ அடிக்கடி அணைவதால் சூடேறவே நேரமாகிறது.

போன வாரம் எஞ்சின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் குறியீடு: காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதவில்லை. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், இ85-க்குப் பத்துக்கும் குறைவு; அதாவது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். கிட்டில், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டி, அந்தப் பிழைக் குறியீட்டை அழித்தேன். இதுவரை திரும்ப வரவில்லை.

மைலேஜ் கால் பங்கு போச்சு, அது தெரிந்ததுதான். இப்போதைக்குப் பாதி டேங்க் பெட்ரோல் கலந்து ஓட்டுகிறேன். அப்புறம், ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் வாங்கியாச்சு. சனிக்கிழமை மாட்ட வேண்டும்.