5 அடி ஸ்லாஷர்: கியர்பாக்ஸ் அடியில ஆயில் கசிவு, ஷியர் போல்ட் தினம் உடையுது. கியர்பாக்ஸே மாத்தணுமா?

மணலி_டிராக்டர்

வணக்கம். 42 எச்பி டிராக்டர்ல 5 அடி ரோட்டரி ஸ்லாஷர். ரோட்டவேட்டர்னு நினைச்சு பதில் போட்டுடாதீங்க. மண்ணைக் கிளறுற மெஷின் இல்ல, அடியில 2 பிளேடு சுத்தி புல், புதர் வெட்டுறது. விலை குறைஞ்ச மாடல், 2வது வருஷம். வேலை எல்லாம் மணலி புதுநகர், நந்தியம்பாக்கம், மீஞ்சூர் பக்கம் காலி மனையும் கன்டெய்னர் யார்டு ஓரமும்தான். மழைக்கு அப்புறம் ஆள் உயரம் நிக்கிற கோரை, நாணல், நடுநடுவுல வேலிக்காத்தான்.

இப்ப 3 தொல்லை. கியர்பாக்ஸ் அடியில ஆயில் ஒழுகுது, 2 நாளைக்கு அரை லிட்டர் குறையுது. பிடிஓ (டிராக்டர் பின்னாடி இருந்து மெஷினுக்குச் சுத்து கொடுக்கிற ஷாஃப்ட்) போட்ட உடனே ஷியர் போல்ட் உடையுது, ஒரு நாளைக்கு 2, 3 போகுது. போன வாரம் ஒரு பிளேடு புதுசு போட்டதுல இருந்து சீட் வரைக்கும் அதிருது. மெக்கானிக் கியர்பாக்ஸ் போச்சு, மாத்திடுங்கறார். கடையில ஹைடென்சில் போல்ட் போட்டா உடையாதுங்கறாங்க. கியர்பாக்ஸ்ல ஆயிலுக்குப் பதில் கிரீஸ் போட்டா ஓடுமா? டிராக்டர் பழசு, சிங்கிள் கிளட்ச், அதாவது சக்கரத்துக்கும் பிடிஓவுக்கும் ஒரே கிளட்ச்.

பட்டறை_மாதவரம்

கியர்பாக்ஸுக்குக் காசு எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி அடியில குனிஞ்சு பாருங்க. காலி மனையில வெட்டுறவங்களுக்கு அடி சீல், அதான் ஷாஃப்ட் ஓரமா ஆயில் வெளியே வராம பிடிக்கிற ரப்பர் வளையம், போறதுக்கு முதல் காரணம் பேரிங் இல்ல, குப்பை. நைலான் கயிறு, மீன் வலைத் துண்டு, சாக்கு நார், கேபிள் ஒயர், இதெல்லாம் பிளேடு மாட்டுற தட்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல ஷாஃப்ட்ல சுத்திக்கும். சுத்தச் சுத்த இறுகி, சூட்டுல உருகி, சீல் உதட்டை அறுத்துடும். மேல இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது.

பார்க்கிற முறை: இன்ஜின் ஆஃப், சாவி கையில, பிடிஓ ஷாஃப்டை டிராக்டர்ல இருந்து கழட்டிடுங்க. ஹைட்ராலிக் தூக்கி நிக்குதுன்னு நம்பி அடியில போகவே கூடாது. நாலு மூலையிலயும் கட்டைத் துண்டு கொடுத்து, எடை முழுக்க கட்டை மேல இறங்கின அப்புறம் கை வைங்க. டார்ச் அடிச்சு தட்டுக்கு மேல பாருங்க. கறுப்பா வளையம் மாதிரி ஏதாவது தெரிஞ்சா அதுதான். ஹுக் பிளேடால அறுத்து எடுங்க, நெருப்பு வெச்சு எரிக்காதீங்க, மிச்சம் இருக்கிற சீலும் வெந்துடும்.

சீல் மாத்தணும்னா தட்டைக் கழட்டியே ஆகணும். ஆயிலை வடிச்சுடுங்க. ஸ்பிளிட் பின்னை எடுத்து நடு நட்டைத் தளர்த்துங்க, ஆனா முழுசா கழட்டாம ஷாஃப்ட் முனைக்குச் சமமா நிறுத்துங்க. அப்புறம் புல்லர் போட்டு இழுங்க. நட்டு இல்லாம ஷாஃப்ட் முனையில சுத்தியால அடிச்சா மரை நசுங்கி, சீல் வேலை லேத் வேலையா மாறிடும். பழைய சீல் மேல 3 எண் இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டர்ல. அதைப் படிச்சு பாரிமுனை பக்கம் சீல் கடையில டபுள் லிப் கேளுங்க. ஸ்பிரிங் இருக்கிற பக்கம் ஆயிலைப் பார்த்து உள்ளே போகணும். வெளி விட்டத்துக்குச் சரியா ஒரு பைப் துண்டு வெச்சு சுத்திலும் சமமாத் தட்டுங்க. ஒரு பக்கம் சாய்ஞ்சு இறங்கின சீல் அன்னைக்கே ஒழுகும்.

புது சீல் போடுறதுக்கு முன்னாடி ஷாஃப்டை மேலயும் கீழயும் தள்ளிப் பாருங்க. டக்டக்னு ஆட்டம் இருந்தா பேரிங் அல்லது ஷிம் (இடைவெளி சரி பண்ற மெல்லிசு தகடு) வேலை இருக்கு. அதைப் பண்ணாம எத்தனை சீல் போட்டாலும் நிக்காது. ஆட்டம் இல்ல, வடிச்ச ஆயில்ல இரும்புத் தூளும் இல்லன்னா கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு. ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி போயிருக்கு. மேல இருக்கிற மூச்சு ஓட்டை, அதான் பிரீதர், அதையும் சுத்தம் பண்ணுங்க. அது சேறு அடைச்சுக்கிச்சுன்னா உள்ளே சூடாகிற காத்து வெளியே போக வழியில்லாம ஆயிலை சீல் வழியாத் தள்ளும். சீல் புதுசா இருந்தாலும் ஒழுகுறதுக்கு இதுதான் காரணம்.

இபி 90 கியர் ஆயில், பக்கத்து லெவல் பிளக் வழியா வழிய ஆரம்பிக்கிற வரைக்கும். கெட்டியான ஆயில் அடி பேரிங்குக்கு இறங்க நேரம் ஆகும். 10 நிமிஷம் விட்டு மறுபடி லெவல் பார்த்து ஊத்துங்க. நிரம்ப நிரம்ப ஊத்தினா அதுவும் கசிவுதான்.

சின்னசேக்காடு_42

இவ்ளோ எதுக்கு? சேஸிஸ் கிரீஸ் 2 கிலோ அடைச்சு ஓட்டுங்க, போல்ட்டுக்கு 10.9 கிரேடு ஹைடென்சில் போடுங்க. இங்க பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க.

நட்டு_போல்ட்

ரெண்டுமே வேண்டாம். சேஸிஸ் கிரீஸ் ஓடாது. கியர் பல்லு சுத்துற வழியில ஒரு வாய்க்கால் மாதிரி ஒதுங்கி நின்னுடும், பல்லு காஞ்சு ஓடும், மேல் பேரிங்குக்கு ஒண்ணுமே போகாது. ஒழுகுறதை நிறுத்தி வெச்சுத்தான் ஆகணும், சீசன் நடுவுல சீல் கிடைக்கலன்னா 0 அல்லது 00 கிரேடு, கூழ் பதத்துல இருக்கிற கிரீஸ் தற்காலிகமாப் போடலாம். அதுவும் சீல் வர்ற வரைக்கும்.

10.9 போல்ட் பத்தி: ஷியர் போல்ட் உடையுறதுக்குன்னே இருக்கிற பொருள். கல்லுல, மண்ணுக்குள்ள புதைஞ்ச எல்லைக்கல்லுல பிளேடு அடிக்கும்போது அது உடையலன்னா அடுத்தது பிடிஓ ஷாஃப்டோட கிராஸ் (சிலுவை மாதிரி மூட்டு), இல்லன்னா கியர் பல்லு, அதுவும் தாங்கினா டிராக்டர் பிடிஓ. மேனுவல்ல என்ன கிரேடு, என்ன சைஸ் போட்டிருக்கோ அதையே 20 வாங்கி டூல்பாக்ஸ்ல போட்டு வைங்க.

ஆனா தினம் 3 உடையுறது கல்லால இல்ல. போட்ட உடனே உடையுதுன்னு நீங்களே சொல்றீங்க. முதல்ல ஆர்பிஎம். இன்ஜின் முழு ஓட்டத்துல இருக்கும்போது பிடிஓ போட்டா நிக்கிற பிளேடை ஒரே நொடியில சுத்தச் சொல்றீங்க. ஐடிலுக்குக் கொஞ்சம் மேல வெச்சு, கிளட்சை மெதுவா விட்டு, பிளேடு சுத்தி வந்த அப்புறம் ஆக்ஸிலரேட்டரை ஏத்தி பிடிஓ 540 ஆர்பிஎம் குறிக்கு வாங்க. ரெண்டாவது, ஷியர் போல்ட் போற ஓட்டையைப் பாருங்க. பல போல்ட் உடைஞ்ச யோக்ல, அதான் பிடிஓ ஷாஃப்ட் முனையில கியர்பாக்ஸ் ஷாஃப்ட்ல மாட்டுற கவை, ஓட்டை முட்டை மாதிரி நீண்டிருக்கும். அந்த இடைவெளியில போல்ட் ஒவ்வொரு தடவையும் அடி வாங்கித் தேய்ஞ்சே உடையும். ஓட்டையை அடைச்சு வெல்ட் பண்ணி, சரியான சைஸ்ல மறுபடி துளை போடணும், இல்ல யோக் மாத்தணும். யோக் ஷாஃப்ட்ல துரு பிடிச்சு ஒட்டிக்கிச்சுன்னா அது இன்னொரு ஆபத்து: போல்ட் உடைஞ்சும் யோக் வழுக்காது, பாதுகாப்பே இல்ல. போல்ட் மாத்தும்போதெல்லாம் யோக்கைக் கையால சுத்திப் பார்த்துட்டு கிரீஸ் அடிங்க.

அதிர்வுக்கு வர்றேன். ஒரு பிளேடு மட்டும் மாத்தினீங்க இல்லையா, அதுதான். கணக்குப் போட்டுக் காட்டுறேன். கியர்பாக்ஸ் தகட்டுல கியர் விகிதம் 1:1.47னு இருந்தா பிளேடு 540ஐ 1.47ஆல பெருக்கி சுமார் 794 ஆர்பிஎம் சுத்துது. 5 அடி விட்டத்துல பிளேடு நுனி மணிக்கு 225 கிலோமீட்டருக்கு மேல போகுது. அந்த வேகத்துல, நடுவுல இருந்து அரை மீட்டர் தள்ளி 100 கிராம் எடை வித்தியாசம் இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் சுமார் 35 கிலோ ஒரு பக்கமா இழுக்கும். நிமிஷத்துக்கு 794 தடவை 35 கிலோ. பேரிங்கும் சீலும் என்ன பண்ணும்?

பிளேடு எப்பவும் ஜோடியா, ஒரே கம்பெனி, போல்ட் நட்டோட சேர்த்து. மளிகைக்கடைத் தராசுல ரெண்டையும் வெச்சுப் பாருங்க, கனமா இருக்கிறதை சாணை பிடிச்சுக் குறைங்க. சாணை மேல் பக்கம் மட்டும், பழைய சரிவுலயே. கத்தி மாதிரி கூரா வேண்டாம், முனை ஒன்றரை மில்லிமீட்டர் மொக்கையா இருக்கணும். ரொம்பக் கூர் போட்டா முதல் கல்லுலயே மடங்கும். நீலம் பாயுற அளவுக்குச் சூடாக்காதீங்க. வளைஞ்ச பிளேடைச் சூடு பண்ணி நிமிர்த்துறது, லாரி ஸ்பிரிங் பட்டாவுல பிளேடு அடிச்சு வாங்குறது, மேல வெல்டிங் வெச்சு மேடு ஏத்துறது, மூணும் வேண்டாம். துண்டு உடைஞ்சு பறந்தா துப்பாக்கிக் குண்டுதான்.

இன்னொண்ணு. பிளேடு போல்ட்டுல தாராளமா ஊசலாடணும். துருவுல ஒண்ணு மடிஞ்சே நின்னுக்கிச்சுன்னா எடை ஒண்ணா இருந்தாலும் ஆடும். கையால ரெண்டையும் முழுச் சுத்து சுத்திப் பாருங்க. வெட்டுற முனை சுத்துற திசையைப் பார்த்து இருக்கணும். டிராக்டருக்குப் பின்னாடி நின்னு பார்த்தா பிடிஓ கடிகாரச் சுத்துல ஓடும், ஷாஃப்டை அப்படிக் கையால திருப்பினா பிளேடு திசை தெரிஞ்சுடும். நடு நட்டும் பிளேடு நட்டும் சாதாரண இறுக்கம் போதாது. 1 மீட்டர் பைப் முனையில 60 கிலோ ஆள் தொங்கினா 590 நியூட்டன் மீட்டர் வரும், பல 5 அடி மெஷின்ல நடு நட்டுக்கு அந்த அளவு கேக்கும். உங்க மேனுவல் எண்ணைப் பார்த்து இறுக்குங்க, முதல் 1 மணி நேர ஓட்டத்துக்கு அப்புறம் மறுபடி இறுக்குங்க.

பொன்னேரி_வயல்

சிங்கிள் கிளட்ச்னு போற போக்குல சொல்லிட்டீங்க. எனக்கு மத்த மூணையும் விட இதுதான் பயம். பிளேடும் தட்டும் சேர்ந்து ஒரு ஃபிளைவீல். கிளட்ச் மிதிச்சாலும் அது சுத்திக்கிட்டே பிடிஓ வழியா டிராக்டர் கியர்பாக்ஸைத் தள்ளும், டிராக்டர் நிக்காம முன்னாடி போகும். மனை ஓரத்துல காம்பவுண்ட் சுவர், கால்வாய் இருக்கிற இடத்துல இது விளையாட்டு இல்ல. ஓவர்ரன்னிங் கப்ளர்னு பிடிஓ முனையில மாட்டுற பொருள் இருக்கு, ஒரு திசைக்கு மட்டும் பிடிக்கும். அதை மாட்டாம சிங்கிள் கிளட்ச்ல ஸ்லாஷர் ஓட்டாதீங்க. மாட்டினா நீளம் கூடும், அதனால ஷாஃப்ட் நீளத்தை மறுபடி பார்க்கணும்: ரொம்ப நீண்டு நிக்கிற நிலையில ரெண்டு குழாயும் மூணுல ஒரு பங்காவது ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கணும், ரொம்பக் குறுகின நிலையில முட்டாம 1 அங்குலமாவது விட்டிருக்கணும். முட்டினா தூக்கும்போது கியர்பாக்ஸ் முன் பேரிங்கை நேரா இடிக்கும். அறுக்கணும்னா உள் குழாய், வெளிக் குழாய், பிளாஸ்டிக் உறை எல்லாத்துலயும் ஒரே அளவு. கிராஸ் ரெண்டுக்கும் 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை கிரீஸ்.

உயரம்: முன் பக்கம் பின் பக்கத்தை விட 1 அங்குலம் தாழ்வு. பின்னாடி தாழ்ந்தா வெட்டினதையே மறுபடி வெட்டி இன்ஜின் திணறும். காலி மனையில தரையில இருந்து 4 அங்குலத்துக்குக் குறைக்காதீங்க. கட்டட இடிபாடு, பாட்டில், கம்பி எல்லாம் கோரைக்குள்ளதான் இருக்கு. இடத்தை முதல்ல நடந்து பாருங்க. கைக்கம்பால புல்லை விலக்கிப் பாருங்க, விரியன் இருக்கிற நிலம் இது.

வேலிக்காத்தான் கட்டைவிரல் தடிமன் வரைக்கும் வெட்டும். அதுக்கு மேல தண்டு சாய்வா வெட்டுப்பட்டு ஈட்டி மாதிரி நிக்கும், திரும்பி வரும்போது பின் டயர் அதுலதான் ஏறும். வெட்டினாலும் அடிக்கட்டையில இருந்து துளிர்க்கும், அதனால தடிச்சதை ஜேசிபி வெச்சு வேரோட பிடுங்கச் சொல்லி ஓனர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க.

விலை குறைஞ்ச மெஷின்ல முன்னாடியும் பின்னாடியும் கல் பறக்காம தடுக்கிற செயின் தொங்காது. பழைய கன்வேயர் பெல்ட்டை எண்ணூர் பக்கம் ஸ்கிராப்புல வாங்கி, பட்டை பட்டையா அறுத்து, தகட்டுக்கும் பெல்ட்டுக்கும் வாஷர் வெச்சு போல்ட் போடுங்க. அது இருந்தாலும் 100 மீட்டருக்குள்ள ஆள், கார் இருந்தா ஓட்டாதீங்க. கழிமுகத்துப் பக்கம் உப்புக் காத்து. சாயங்காலம் டெக் (பிளேடை மூடுற மேல் தகடு) மேல ஒட்டின ஈரப் புல்லைச் சுரண்டாம விட்டா ஒரு மழைக்காலத்துல தகடு பொத்தல் ஆகும். டெக்ல விரிசல் கண்டா முனையில 6 மில்லிமீட்டர் துளை போட்டு நிறுத்திட்டு வெல்ட் பண்ணுங்க. எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்துலயே மாட்டுங்க, கரண்ட் பேரிங் வழியாப் போச்சுன்னா அதுவும் போச்சு.

மணலி_டிராக்டர்

திறந்தாச்சு. பச்சை மீன் வலை, கையளவு கட்டி. ஷாஃப்ட் ஆட்டம் இல்ல, ஆயில் சுத்தம். பிளேடு எடை வித்தியாசம் 180 கிராம். யோக் ஓட்டை நீண்டுதான் போயிருக்கு. ஒரு சந்தேகம்: சீல் உதடு உக்கார்ற இடத்துல ஷாஃப்ட்ல நகம் மாட்டுற அளவு கோடு விழுந்திருக்கு. புது சீல் போட்டா நிக்குமா?

பட்டறை_மாதவரம்

அதே இடத்துல போட்டா நிக்காது. சீல் உக்கார்ற குழியில இடம் இருந்தா 2 மில்லிமீட்டர் முன்ன பின்ன உக்கார வைங்க, உதடு தேயாத இடத்துல விழும். இடம் இல்லன்னா அந்த ஷாஃப்ட் அளவுக்கு மெல்லிசான ரிப்பேர் ஸ்லீவ் கேளுங்க, கோட்டுல எபாக்ஸி நிரப்பி மேல அழுத்திடலாம், சீல் சைஸ் மாறாது. 1000 எண் எமரி பேப்பரால கோட்டோட ஓரத்தைச் சுத்து திசையில மட்டும் தேய்ங்க. மேலும் கீழும் தேய்ச்சா அந்தக் கீறல் வழியாவே ஆயில் இறங்கும். தட்டு மாட்டுறப்போ ஸ்பிளிட் பின் புதுசு போடுங்க, பழசை நிமிர்த்திப் போடாதீங்க.