லூட்டனுக்காகக் கண்விழிச்ச கொழும்பு ஆக்கள் ஆராவது இருக்கிறீங்களோ?

ஹம்டன் லேன்காரன்:

மான்செஸ்டர், லிவர்பூல், ஆர்சனல் பிடிக்கிற ஆக்கள் கொழும்பில ஓட்டோவுக்கு ஓட்டோ இருக்கினம். நான் தேடுறது வேற ஆக்களை. இங்கிலாந்துப் புட்போலின்ர உச்சப் பிரிவு பிரீமியர் லீக்குக்குப் புதுசா ஏறி வந்து, வந்த கையோட கடைசி மூணுக்குள்ள முடிச்சுக் கீழ் பிரிவுக்கு இறங்கிப் போயிடுவாங்கள் எண்டு எல்லாரும் முடிவு கட்டின ஒரு டீமைப் பிடிச்சு, சனிக்கிழமை இரவெல்லாம் பொயிண்ட் டேபிளைக் கீழயிருந்து மேல வாசிச்ச ஆக்கள் இருந்தா எழுதுங்கோ. எந்த டீம், எங்க இருந்து பார்த்தனீங்கள், எது மனசில நிக்குது.

நானே துவங்கிறன். எனக்கு லூட்டன் டவுன், 2023-24.

அந்த டீம் 2009-ல நாலு பிரிவு லீக்கை விட்டே வெளியில போய், அஞ்சு சீசன் வெளியிலேயே கிடந்தது. அங்கயிருந்து ஒவ்வொரு படியா ஏறி 2023 மே 27 வெம்ப்ளியில கொவென்ட்ரியோட பிளே-ஓஃப் பைனல், வெண்டா பிரீமியர் லீக். மெட்ச் துவங்கிக் கொஞ்ச நேரத்தில அவங்கட கெப்டன் டொம் லொக்கியர் மைதானத்தில விழுந்திட்டார். ஆஸ்பத்திரியில படுத்துக்கொண்டுதான் பெனால்ட்டியில 6-5 எண்டு டீம் வெண்டதைப் பார்த்தவர். பெல்லி ரடொக் ம்பான்சு எண்டொரு ஆள், லீக்குக்கு வெளியில கிடந்த காலத்தில இருந்து அதே டீமில விளையாடி பிரீமியர் லீக் வரைக்கும் வந்தவர். இப்பிடி ஒரு டீமைப் பிடிக்காமல் வேற எதைப் பிடிக்கிறது?

முதல் நாலு மெட்சும் தோல்வி. செப்டம்பர் 30 எவர்ட்டனில போய் 2-1 வெற்றி. முதல் கோல் லொக்கியர், இதய ஒப்பரேசன் முடிச்சு வந்த மனிசன். அண்டைக்கு நான் போட்ட சத்தத்தில கீழ் வீட்டு அன்ரி மேல வந்து "ஆரும் விழுந்திட்டினமோ தம்பி" எண்டு கேட்டவ.

டிசம்பர் 16 அவர் உண்மையாவே திரும்ப விழுந்தார். போர்ன்மத்தில மெட்ச், 1-1. எங்கட நேரம் இரவு எட்டரைக்குத் துவங்கினது. அக்கா வீட்டில விருந்து, நான் மேசைக்குக் கீழ போனை வச்சுப் பார்த்துக்கொண்டு இருந்தனான். பக்கத்தில ஆக்கள் ஒருத்தரும் இல்லாத இடத்தில அப்பிடியே சரிஞ்சார். கமரா உடனே வேற பக்கம் திரும்பீட்டுது. ரெண்டு பக்கத்துச் சனமும் அவற்ற பேரைச் சொல்லிக் கைதட்டினது மட்டும் கேட்டுது. அத்தான் எட்டிப் பார்த்திட்டு "என்ன தம்பி, தோக்கிறாங்களோ" எண்டார். எனக்கு வாய் வரேல்லை. இதயம் நிண்டு போய்த் திரும்ப ஓட வச்சிருக்கினம் எண்டு பிறகுதான் வாசிச்சம். மெட்சை அதோட நிப்பாட்டி, மார்ச் 13 முழுசா முதலில இருந்து விளையாட வச்சவங்கள். அந்த மெட்சைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை, பார்த்த வேற ஆராவது எழுதுங்கோ.

கொம்பனித்தெரு கீப்பர்:

அத நான் எழுதுறேன் தம்பி. நோன்பு தொடங்கின கிழமை அது. நடுச்சாமம் தாண்டித்தான் மெட்ச், எப்படியும் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பணும், அப்ப படுக்காமலே இருப்பம் எண்டு நானும் எங்கட நானாவும் உக்காந்தோம். லூட்டனுக்கு சோங் ஒண்டு, ஒக்பெனே ஒண்டு, பார்க்லி ஒண்டு. ஹாஃப் டைமுக்கு 3-0. நானா "இனி என்ன பார்க்க இருக்கு" எண்டு எழும்பிப் போய்ப் படுத்திட்டார். ஸஹருக்கு உம்மா எழுப்பினதும் கண்ணைக் கசக்கிட்டு வந்து "எத்தினை?" எண்டார். "நாலுக்கு மூணு" எண்டேன். "நாலாவது யாரு போட்டது?" எண்டு சந்தோசமாக் கேட்டார். "செமென்யோ" எண்டேன். அவருக்கு விளங்க கொஞ்ச நேரம் எடுத்தது. செமென்யோ அப்ப போர்ன்மத்காரன். அண்டைக்கு நானா தண்ணியும் ஈச்சம்பழமும் மட்டும்தான் எடுத்தார்.

நான் கோலுக்கு நிண்டவன். அதனால இதச் சொல்லணும். அந்த நாலு கோலையும் விட எனக்கு உறுத்தினது முதல் கோலுக்கும் ரெண்டாவது கோலுக்கும் நடுவில இருந்த பத்துப் பன்னிரண்டு நிமிசம். போர்ன்மத்துக்கு சொலன்கே அம்பதாவது நிமிசம் ஒண்டு போட்டவுடனே லூட்டன் பின்வரிசை தானாவே பின்னுக்கு வர ஆரம்பிச்சுது. யாரும் சொல்லி வாறதில்ல. கால் தன்ட பாட்டில வரும். பின்னுக்கு வந்தா நடு மைதானம் அவனுக்கு. அடிச்ச பந்து எல்லாம் திரும்பி உன்னட்டயே வரும். 62-ல ஒண்டு, 64-ல ஒண்டு, கணக்குச் சமன். கீப்பர் தொண்டை கிழியக் கத்துவான், "வெளிய போ, வெளிய போ" எண்டு. கேக்கும், ஆனா கால் கேக்காது.

எங்கட கழகமும் ஒரு வருசம் மேல் பிரிவுக்கு ஏறினது. பேர் வேணாம், ஆக்கள் இப்பவும் இதே தெருவில இருக்காங்க. கீழ் பிரிவில நாங்க பிழை விட்டா எதிராளியும் பிழை விடுவான், சரியாப் போகும். மேல அப்பிடி இல்ல. ஒரு பிழை விட்டா வலைக்குள்ள. எங்கட சென்டர் பெக் புறக்கோட்டையில லொறி இறக்குற வேலை. பிரக்டிஸுக்கு வரும்போதே ஆள் பாதி. எழுபது நிமிசம் வரைக்கும் எந்தப் பெரிய கழகத்தோடும் சமனா நிப்போம். அதுக்குப் பிறகு அவங்கட பெஞ்சில இருந்து எழும்பி வாறவன் புதுக் காலோட வருவான். எங்கட பெஞ்சில இருந்து எழும்பி வாறவன் என்ட மச்சான். நல்ல பொடியன், ஆனா மச்சான்.

இறங்கினோம். காசு தாறேன் எண்டு சொன்ன ஆள் அடுத்த நாள் போன் எடுக்கல்ல.

மட்டக்குளி:

எல்லாரும் கண்ணீர் விடுறீங்க, ஒருத்தரும் காசப் பத்தி பேசலயே. பிரீமியர் லீக்ல கடைசியா வர்ற டீமுக்கே வருசத்துக்கு நூறு மில்லியன் பவுண் கிட்ட கெடைக்குது. அங்கயே பத்து வருசமா இருக்கிறவன் அந்தப் பத்து வருசக் காசுல ஆள் வாங்கி வச்சிருக்கான். நேத்து வந்தவன் என்னா செய்வான்? ஏறின மூணு டீமும் அதே சீசன்ல இறங்கினது 1997-98-ல ஒரு தடவ. பொறவு 2023-24-ல லூட்டன், பர்ன்லி, செஃபீல்ட் யுனைட்டட். அடுத்த வருசமே திரும்பவும் லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்ஹாம்டன். சவுத்ஹாம்டன் முழு சீசனுக்கும் 12 பொயிண்ட், இன்னும் ஏழு மெட்ச் இருக்கும்போதே கத முடிஞ்சிருச்சு. 2007-08 டார்பியோட 11 பொயிண்டத் தாண்டினதே அவங்களுக்கு வெற்றி.

அதோட இறங்கிப் போறவனுக்கும் கொஞ்ச வருசம் காசு குடுக்கிறாங்க. அத வச்சு அவன் கீழ இருக்கிறவனை அடிச்சுட்டுத் திரும்ப ஏறுறான், திரும்ப இறங்குறான். பர்ன்லியப் பாருங்க, மாடிப்படியில வேலை செய்றவன் மாதிரி. இதுல வீரம் எங்க இருக்கு?

கொட்டாஞ்சேனை வாசி:

மட்டக்குளி அண்ணே, வீரம் எங்க இருக்குன்னு நான் காட்டுறேன். நான் படிக்கப் போனது லூட்டனுக்குத்தான். கிரவுண்ட் இருக்கிற இடம் பரி பார்க். இறங்கி நடந்தா நம்ம கடைகள் மாதிரியே இருக்கும், சாரிக் கடை, நகைக் கடை, ஹலால் இறைச்சி, மரக்கறி பெட்டி எல்லாம் நடைபாதையில. கெனில்வர்த் ரோட் கிரவுண்ட் அந்த வீடுகளுக்குப் பின்னால ஒளிஞ்சு கிடக்கும். பன்னிரண்டாயிரம் பேர் அளவுதான் கொள்ளும். சுகததாச மைதானம் பெரிசு அதைவிட.

வெளி டீம் ஆக்கள் உள்ள போற வழி இருக்கே, அதைப் பார்க்கணும். ஓக் ரோட்டுல வரிசையா ஒட்டின வீடுகள். அதுல ரெண்டு வீட்டுக்குக் கீழால ஒரு வாசல். மேல யாரோ குடியிருக்கிறாங்க, திரைச்சீலை தொங்குது, கீழால டிக்கட்டக் காட்டி உள்ள போறாங்க. போனா இரும்புப் படி. படியில ஏறும்போது ரெண்டு பக்கமும் மற்றவங்க வீட்டுப் பின் முற்றம், கொடியில காயுற உடுப்பு, பிள்ளைங்கட சைக்கிள், எல்லாம் காலுக்குக் கீழ. கோடிக் கணக்குல சம்பளம் வாங்குற டீமோட ஆதரவாளர்கள் அந்தப் பெட்ஷீட்டுகளுக்கு மேலால நடந்துதான் தங்கட சீட்டுக்குப் போனாங்க. பிரீமியர் லீக் விதிக்கு ஏற்ற மாதிரி ஒரு பக்கத்தை இடிச்சுக் கட்ட பத்து மில்லியன் பவுண் அளவுல செலவாச்சுன்னு கடைக்காரங்க எல்லாம் பேசினாங்க. முதல் ஹோம் மெட்சே அதனால தள்ளிப் போனது.

டிக்கட் எனக்குக் கிடைக்கவே இல்ல. ஆனா ஜனவரி 30 பிரைட்டனை 4-0 அடிச்ச இரவு நான் வெளியில ரோட்டுல நின்னேன். அடெபாயோ மூணு கோல். முதல் கோல் மெட்ச் தொடங்கி ஒரு நிமிசத்துக்குள்ள. அந்தச் சத்தம் வீட்டுச் சுவர் எல்லாத்துலயும் பட்டுத் திரும்பி வந்துச்சு. பக்கத்துக் கடை முதலாளி பாகிஸ்தான்காரர், கிரிக்கெட் தவிர எதுவும் தெரியாதவர், ஷட்டரைப் பாதியில விட்டுட்டு வெளிய வந்து என்கிட்ட ஸ்கோர் கேட்டார். அந்த இரவு லூட்டன் இறங்குற இடத்துக்கு மேல இருந்தது. காசு அதைத் தடுக்கல்லையே அண்ணே.

மட்டக்குளி:

அந்த இரவு தடுக்கல. மே மாசம் தடுத்துச்சே.

மருதானை ரெட்:

ஏறி வந்து தப்பினவங்களும் இருக்கோம் இங்க. நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட், 2022-23. 23 வருசம் வெளிய இருந்து வந்தோம். ஒரே கோடையில இருபது பேருக்கு மேல வாங்கினாங்க, எனக்குப் பேர் பாடமாக்கவே டிசம்பர் ஆச்சு. தினம் கரண்ட் வெட்டின காலம் அது. ரவுட்டருக்கு பைக் பெட்டரி குடுத்துப் பார்த்தது ஞாபகம்.

2023 மே 20, ஆர்சனல் நம்ம கிரவுண்டுக்கு. அவோனியி 19-வது நிமிசம் ஒண்டு. பந்து அவன்ட காலில பட்டு எப்படியோ போன கோல், அழகெல்லாம் இல்ல. மிச்சம் எழுபது நிமிசம் நான் நகம் கடிச்ச கணக்கு. 1-0. நாங்க தப்பினோம், ஆர்சனல் தோத்ததால அதே விசில்ல மான்செஸ்டர் சிட்டி செம்பியன். என்ட ரூம்மேட் சிட்டி ரசிகன். ஒரே மெட்சுக்கு ரெண்டு பேரும் ரெண்டு காரணத்துக்குக் குதிச்சோம். வீட்டுக்கார அம்மா சிங்களத்துல ஏசினது தனிக் கதை.

பம்பலப்பிட்டி பழசு:

இளசுகள் லூட்டன் லூட்டன் எண்டு கதைக்கிறீங்கள். 2010-11 பிளக்பூலைப் பார்த்தனீங்களோ? அதுவும் செம்மஞ்சள் சேர்ட் தான். லிவர்பூலை ரெண்டு தரம் அடிச்சது. மான்செஸ்டர் யுனைட்டட்டுக்கு எதிரா 2-0 முன்னுக்கு நிண்டு 3-2 தோத்தது. 55 கோல் அடிச்சு 78 வாங்கினது. அந்த மனேஜர் ஹொலோவேக்கு தடுக்கத் தெரியாது, அல்லது தடுக்க விருப்பமில்லை. கடைசி நாள் ஓல்ட் ட்ரஃபர்டில போய் 2-1 முன்னுக்கு நிண்டவங்கள். பிறகு 4-2.

அந்த வருசம் ஏப்ரல் 2 மும்பையில கிரிக்கெட் உலகக் கிண்ணத்தைத் தோத்த புண் ஆற முன்னம் மே 22 இது. அதோட 39 பொயிண்ட்! 39 எடுத்தும் இறங்கினவங்கள். லூட்டனுக்கு அந்த 39 இருந்திருந்தா ஊர்வலமே போயிருப்பினம்.

ஹம்டன் லேன்காரன்:

பழசு அண்ணை, உண்மை. எங்களுக்கு 26 தான். தப்பின கடைசி டீம் ஃபொரஸ்ட், 32. மருதானைத் தம்பி சிரிக்கிறது எனக்குக் கேக்குது.

ஆனா ஒண்டு சொல்லவேணும். எல்லாரும் லூட்டன் எண்டா கைநழுவிப் போன மெட்சுகளைத்தான் சொல்லுவினம். லிவர்பூலுக்கு 95-வது நிமிசம் லூயிஸ் டியாஸ் சமன் செய்தது, ஆர்சனலுக்கு 97-ல டெக்லன் ரைஸ் தலையால அடிச்சது, நியூகாசிலோட 4-4. அதெல்லாம் பெரிய டீம். அதில பொயிண்ட் போனா ஆரும் பிழை சொல்லேலாது. என்ர வயித்தெரிச்சல் வேற ரெண்டு மெட்ச். ஒக்டோபர் 3 பர்ன்லி எங்கட கிரவுண்டில: 84-ல அடெபாயோ சமன் செய்ய, கொண்டாடி முடியிறதுக்குள்ள 85-ல அவங்கள் ரெண்டாவது. பெப்ரவரியில செஃபீல்ட் யுனைட்டட், டேபிளில கடைசியில கிடந்த டீம், கெனில்வர்த் ரோட்டில வந்து 3-1. எங்களோட சேர்ந்து ஏறின ரெண்டு பேரும் எங்கட வீட்டுக்கே வந்து ஆறு பொயிண்டை அள்ளிக்கொண்டு போனவங்கள். மட்டக்குளி அண்ணை, இதுக்குக் காசு காரணமில்லை. அவங்களும் எங்களைப் போலத்தான்.

மட்டக்குளி:

26-ம் 6-ம் 32. சமன்தான். பொயிண்ட் சமனானா கோல் வித்தியாசம்தான் முடிவு, அதப் பாருங்க. லூட்டன் 52 அடிச்சு 85 வாங்கினது, மைனஸ் 33. ஃபொரஸ்ட் மைனஸ் 18. அந்த ரெண்டையும் வென்டிருந்தாலும் இறங்கித்தான் இருப்பீங்க.

கொம்பனித்தெரு கீப்பர்:

அப்ப போர்ன்மத் 3-0-வையும் சேருங்க. நானா தூங்கப் போன நேரத்தில மெட்ச் முடிஞ்சிருந்தா இன்னும் மூணு. 35. நானாட்ட சொன்னேன், இண்டைக்கும் பேச மாட்டேங்கிறார்.

மருதானை ரெட்:

விதி விட்ட அளவுக்கு மேல நட்டம்னு எங்களுக்கு 4 பொயிண்ட் வெட்டினதை ஒருத்தரும் சொல்ல மாட்டீங்களே. நாங்க மைதானத்தில எடுத்தது 36. வாங்க, இன்னொரு மெட்ச் தேடுங்க.