ஆய்வேட்டைக் கட்டுரையாக்கிய அனுபவங்கள்

சமூக மருத்துவத்தில் எம்.டி. படித்தபோது, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சேர்ந்த கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, உயர் இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை வாங்குவோர் அதை ஒழுங்காக உட்கொள்கிறார்களா என்று விசாரித்து ஆய்வேடு எழுதினேன். ஒரு வீட்டில், அறுபது வயதைக் கடந்த அம்மா எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகளைக் காட்டினார். மருந்து கொடுக்கும் கிழமையில் நூறு நாள் வேலை வந்துவிட்டால் வாங்கப் போக முடியாது என்பதால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு மிச்சம் பிடிப்பதாகச் சொன்னார். என் வினாப்படிவத்தில் அதற்கான கட்டம் இல்லாததால் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

தேர்வு முடிந்ததும் ஆய்வேடு துறை நூலகத்தின் கண்ணாடி அலமாரிக்குள் போய்விட்டது. நான்கு ஆண்டுகள் கழித்தே கட்டுரையாக்க உட்கார்ந்தேன். இத்தகைய கள ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன இடம்பெற வேண்டும் என்று சொல்லும் ஸ்ட்ரோப் பட்டியலின் 22 அம்சங்களையும் சரிபார்த்து அனுப்பியும், முதல் இதழ் மதிப்பாய்வுக்கே அனுப்பாமல் திருப்பிவிட்டது. இரண்டாவது இதழின் மதிப்பாய்வாளர் கேட்ட கேள்விதான் என்னை உலுக்கியது: ஒழுங்காக உட்கொள்பவர் என்று நீங்கள் கணக்கிட்டது மாத்திரையை வாங்கியவரையா, விழுங்கியவரையா? படிவங்களை மீண்டும் ஒவ்வொன்றாகப் புரட்டியபோது, அதே போன்ற பென்சில் குறிப்புகள் வேறு பல வீடுகளிலும் இருந்தன. முடிவுரைப் பகுதியை முழுவதும் மாற்றி எழுதினேன், கட்டுரை ஏற்கப்பட்டது. என்னோடு வெயிலில் நடந்த கிராம சுகாதார செவிலியரின் பெயரை நன்றியுரையில் சேர்த்தேன்.

—

மேலே எழுதிய மருத்துவரின் நான்கு ஆண்டுகள் எனக்கு நன்றாகப் புரிகின்றன. பணியில் சேர்ந்த பிறகு, 2009இல் தொடங்கப்பட்ட ஸார்ட் இட் (SORT IT) என்னும், சுகாதாரத் திட்டங்கள் களத்தில் எப்படி நடக்கின்றன என்று ஆராயும் செயல்முறை ஆய்வுப் பயிற்சியில் கலந்துகொண்டேன். அங்கே கடைசித் தொகுதி முடிந்த நான்கு வாரங்களுக்குள் கட்டுரையை இதழுக்கு அனுப்பியாக வேண்டும். கெடு தவறினால் பயிற்சியில் நீடிக்க இயலாது. அந்தக் கண்டிப்பை நான் மனதார வரவேற்கிறேன். காசநோயாளி வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டு, சானடோரியத்தில் தங்கியவருக்கு இணையாகக் குணமடையலாம் என்று காட்டிய சென்னை ஆய்வு, 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் அச்சாகாமல் ஓர் அலமாரியில் கிடந்திருந்தால் எத்தனை நாடுகளுக்கு அது எட்டாமலே போயிருக்கும்!

எங்கள் குழுவில் ஆசிரியர் வரிசையையும் தரவு சேகரிக்கும் முன்பே எழுதி வைத்துக்கொண்டோம். எம்.டி. காலத்தில் அப்படிச் செய்யாததால், முதல் பெயர் யாருடையது என்ற சச்சரவிலேயே என் ஆய்வேடு நின்றுபோனது. நேற்றிரவு அதன் தரவுக் கோப்பைத் திறந்தேன். பாதி மாறிகளின் சுருக்கப் பெயர்கள் விளங்கவில்லை. குறியீட்டு விளக்கம் எழுதிய நோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.