13 ஆட்டமும் ஜெயித்த அணிக்கு இடமில்லையா? ஃப்ளோரிடா ஸ்டேட், 2023

கயல்:
அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் இந்த 2023 சீசனைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணி 13 ஆட்டம் ஆடி 13-லும் ஜெயித்தது. தங்கள் கான்ஃபரன்ஸான (பல கல்லூரிகள் சேர்ந்த லீக்) ஏசிசியின் பட்டத்தையும் வாங்கியது. மறுநாள் டிசம்பர் 3 அன்று, தேசியக் கோப்பைக்கான பிளேஆஃபில் ஆடும் நாலு அணியை எடுக்கும் தேர்வுக் குழு மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமா என்று நாலு பெயரை அறிவித்துவிட்டு இவர்களை ஐந்தாம் இடத்தில் வைத்தது. 2014-இல் நாலு அணி பிளேஆஃப் வந்ததிலிருந்து, பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்களில் ஒன்றில் தோல்வியே இல்லாமல் பட்டம் வென்ற அணி வெளியே நின்றது அதுதான் முதல் தடவை. டெக்சாஸும் அலபாமாவும் ஆளுக்கு ஒரு ஆட்டம் தோற்றிருந்தார்கள். தோற்றவர்கள் உள்ளே, தோற்காதவர்கள் வெளியே. இதில் என்ன நியாயம் இருக்கிறது?

செந்தில்:
கயல் அக்கா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் குழுவிடம் கொடுத்த வேலை சிறந்த நாலு அணிகளைத் தேர்ந்தெடுப்பது. முக்கிய ஆட்டக்காரர் ஆட முடியாமல் போனால் அதையும் பார்க்கலாம் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. ஃப்ளோரிடா ஸ்டேட்டின் குவாட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்) ஜோர்டன் டிராவிஸ் நவம்பர் 18 அன்றே காலில் அடிபட்டுப் போய்விட்டார். ஏசிசி இறுதியில் லூயிவிலுக்கு எதிராக 16-6. முழு ஆட்டத்திலும் ஒரே ஒரு டச் டவுன் (பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது). அதே நாளில் அலபாமா யாரை ஜெயித்தது? தொடர்ந்து 29 ஆட்டம் ஜெயித்து வந்த ஜார்ஜியாவை, 27-24 என்று. இந்த இரண்டில் எது பலமான அணி என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

கயல்:
அந்த 16-6 எப்படி வந்தது என்றும் பார் தம்பி. டிராவிஸ் விழுந்த அன்று வடக்கு அலபாமா என்ற வேறொரு அணியிடம் 13-0 என்று பின்தங்கியிருந்தார்கள். பந்தோடு ஓடியவரைப் பிடித்து இழுத்ததில் இடது கால் மடங்கிவிட்டது. காலுக்குக் கட்டுப் போட்டு வண்டியில் ஏற்றும்போது மொத்த அணியும் சுற்றி நின்றது. அப்புறம் அந்த ஆட்டம் எப்படி முடிந்தது? 58-13. அடுத்த வாரம் மாற்று குவாட்டர்பேக் ரோட்மேக்கரை வைத்து ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணியை அவர்கள் ஊரிலேயே 24-15 என்று ஜெயித்தார்கள். அவருக்கும் தலையில் அடி. லூயிவிலுக்கு எதிராக இறங்கியது பிராக் கிளென், முதல் வருடப் பையன். மூன்றாவது குவாட்டர்பேக்! அவனை வைத்துக்கொண்டு லூயிவிலை ஒரு டச் டவுன்கூடப் போடவிடாமல் கட்டிப்போட்டது டிஃபென்ஸ், அதாவது தடுப்பாட்டக்காரர்கள். அதுவும் அணிதானே? குவாட்டர்பேக் மட்டும்தான் அணியா?

பாலா:
கயல் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். 2014-இல் ஓஹையோ ஸ்டேட்டும் இதே நிலையில்தான் நின்றது. சீசன் தொடங்கும் முன்பே குவாட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர் காயத்தில் போனார், மிச்சிகன் ஆட்டத்தில் ஜே.டி. பாரெட் போனார். மூன்றாமவர் கார்டேல் ஜோன்ஸ். அவர்களுக்கு ஒரு தோல்வி வேறு இருந்தது. இருந்தும் நாலாம் இடம் கொடுத்தார்கள். அலபாமாவையும் ஆரிகனையும் அடித்துக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று கொடுத்த வாய்ப்பை இவர்களுக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

செந்தில்:
பாலா அண்ணா, என் வாதத்துக்கே அதுதான் பலம். கார்டேல் ஜோன்ஸ் முதல் தடவை தொடக்கத்திலிருந்து ஆடிய ஆட்டத்தில் விஸ்கான்சினை 59-0 என்று நசுக்கினார்கள். மூன்றாவது ஆளை வைத்தும் எங்களால் முடியும் என்று களத்தில் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். ஃப்ளோரிடா ஸ்டேட் காட்டியது 16-6.

இன்னொன்று. டெக்சாஸ் செப்டம்பரில் அலபாமாவை அவர்கள் சொந்த மைதானத்திலேயே 34-24 என்று ஜெயித்தது. அலபாமாவை எடுத்தால் டெக்சாஸை விட முடியாது. மிச்சிகனும் வாஷிங்டனும் தோற்கவே இல்லை. நாலு இடம் நிரம்பிவிட்டது.

பாலா:
அப்படியென்றால் அலபாமாவை முதலில் எடுத்தது ஏன்? ஜார்ஜியா ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு ஆபர்னிடம் தோற்கும் நிலையில் இருந்தார்கள். நாலாவது டவுன், அதாவது கடைசி முயற்சி, கோட்டுக்கு 31 கெஜம், ஒரு நிமிடம்கூட மீதியில்லை. அலபாமா குவாட்டர்பேக் மில்ரோ தூக்கி எறிந்த பந்தை சக வீரர் பாண்ட் மூலையில் பிடித்தார், 27-24. அந்தப் பந்து ஒரு அடி தள்ளிப் போயிருந்தால் அலபாமாவை யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அலபாமா தட்டுத் தடுமாறி ஜெயித்தால் போராட்ட குணம், ஃப்ளோரிடா ஸ்டேட் அப்படி ஜெயித்தால் பலவீனமா?

முத்து:
எல்லாம் சரி, சீசன் கடைசியில் நடந்த ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றார்களே. அடுத்த வருடம் 2-10, அதாவது 2 வெற்றி, 10 தோல்வி. குழு சரியாகத்தான் கணித்திருக்கிறது.

கயல்:
முத்து, அன்று களத்தில் இருந்தது 13 ஆட்டமும் ஜெயித்த அந்த அணி இல்லை. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஆடவில்லை. சிலர் காயம், சிலர் வேறு கல்லூரிக்குப் போகத் தயாராகிவிட்டார்கள், சிலர் தொழில்முறை லீகான என்எஃப்எல்லை நினைத்து விலகிவிட்டார்கள். கோப்பைக்கு வழி இருந்திருந்தால் ஜாரெட் வெர்ஸும் கியான் கோல்மனும் வெளியே உட்கார்ந்திருப்பார்களா? என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த டிராஃப்டில் அந்த அணியிலிருந்து 10 பேர் போனார்கள். அப்புறம் வந்த 2-10 வேறு ஆட்களின் கணக்கு.

செந்தில்:
இதில் அக்கா பக்கம்தான் நான். 63-3 ஐ சாட்சியாகக் கொண்டுவருவது தப்பு. குழு முடிவெடுத்தது அதற்கு நாலு வாரம் முன்பு. நான் பார்ப்பது அன்றைக்குக் கையில் இருந்த தகவலை மட்டும்தான். அதை வைத்துத்தான் அலபாமா என்கிறேன்.

கயல்:
அன்றைக்குக் கையில் இருந்தது 13 வெற்றி, தம்பி. முதல் ஆட்டத்திலேயே அந்த வருடம் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை வாங்கிய ஜெய்டன் டேனியல்ஸ் ஆடிய எல்எஸ்யூவை 45-24 என்று அடித்தார்கள். கிளெம்சன் மைதானத்தில் கூடுதல் நேரம் போய் 31-24. இதெல்லாம் டிராவிஸ் ஆடியது என்பாய், சரி. அறிவிப்பு வந்த அன்று அவர் எழுதியதை நீயும் படித்திருப்பாய். என் கால் சீசன் தொடக்கத்திலேயே உடைந்திருக்கக் கூடாதா, இந்த அணி குவாட்டர்பேக்கை விடப் பெரியது என்று எல்லோரும் பார்த்திருப்பார்களே என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தார். ஒரு பையனை அப்படி நினைக்க வைத்துவிட்டார்கள். அந்தக் கால் கடைசிவரை சரியாகவில்லை. ஜெட்ஸ் அணி எடுத்தும் ஒரு என்எஃப்எல் ஆட்டம்கூட ஆடாமல் 2025-இல் ஓய்வு பெற்றுவிட்டார்.

செந்தில்:
படித்தேன் அக்கா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நாலாவது இடம் யாருக்கு என்று இன்றைக்குக் கேட்டாலும் அலபாமா என்றுதான் சொல்வேன்.

பாலா:
நான் ஃப்ளோரிடா ஸ்டேட் என்றுதான் சொல்வேன்.